எண்ணெயைப் பிடித்து வைக்கும் படலம்

வாசகர் கேள்வி – பதில்: தோலும் மருந்தும்

மூலிகைகளின் நறுமண எண்ணெயை நானோ படலங்களில், அதாவது எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தாங்கும் மெல்லிய படலங்களில், அடைத்துத் தோல் தொற்றுகளுக்கு ஒட்டும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி ‘இது எங்கே கிடைக்கும்’ என்று கேட்டன, மீதி ‘இது நம் பாட்டி வைத்தியம்தானே’ என்றன. இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எண்ணெயை நேரடியாகத் தேய்த்தால் போதாதா? அதை ஒரு படலத்திற்குள் வைத்து ஒட்டுவதால் என்ன கூடுதல் பயன்? வேப்பெண்ணெய்க்கும் இது பொருந்துமா?
– வாசகி, ஈரோடு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவை கொழுப்பு எண்ணெய்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். நறுமண எண்ணெய் என்பது வேறு. இலை, பட்டை, விதை, பூ ஆகியவற்றை நீராவியில் வடித்து எடுக்கும் இந்த எண்ணெயை அதே காகிதத்தில் விட்டால் சிறிது நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகி மறைந்துவிடும். நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இன்று உலகம் முழுவதும் தோல் ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் டீ ட்ரீ எண்ணெயும் இதே வகைதான். அது தேயிலைச் செடியிலிருந்து வருவதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் சதுப்பு நிலங்களில் வளரும் ‘மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா’ என்னும் மரத்தின் இலையிலிருந்து வடிக்கப்படுவது. அப்பகுதியின் புண்ட்ஜலுங் பழங்குடியினர் அந்த இலையை நசுக்கிப் புண்களுக்கு இட்டுவந்தனர். 1920களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட், அன்றைய அறுவை அறைகளில் கிருமிநாசினியாகப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைவிட அந்த எண்ணெய் பல மடங்கு வீரியமுள்ளது என்று வெளியிட்டதற்குப் பிறகே அது மருந்துக் கடைக்குள் நுழைந்தது.

வீரியம் இருக்கிறது என்றால் தேய்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது என்பதற்கு மூன்று காரணங்கள் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கின்றன. தோலின் சூட்டில் அது விரைவாக ஆவியாகிவிடுவதால், கிருமி மீது பட வேண்டிய அளவு சில நிமிடங்களுக்குமேல் அங்கே நிற்பதில்லை. அது தண்ணீரில் கரையாது; புண்ணின் மேற்பரப்போ நீரும் நிணநீரும் கசியும் ஈரமான இடம், ஆகவே எண்ணெய் அங்கே சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். மூன்றாவதாக, கிருமியைக் கொல்லப் போதுமான செறிவில் வைத்தால் அது தோலையும் எரிக்கிறது. எரிக்காத அளவுக்கு நீர்த்துவிட்டால் கிருமி தப்பிவிடுகிறது.

படலம் எண்ணெயின் வீரியத்தைக் கூட்டுவதில்லை. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக, பல மணி நேரத்திற்கு, ஒரே அளவில் விடுவது மட்டுமே அதன் வேலை. ஒரு கணக்கைப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 100 மில்லிகிராம் எடையும் கொண்ட ஒரு படலத்தில் எண்ணெயின் பங்கு 5 சதவீதம் என்று கொண்டால், அதிலிருக்கும் எண்ணெய் 5 மில்லிகிராம். சொட்டு மூடியிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் ஏறக்குறைய 30 மில்லிகிராம் இருக்கும். ஒரு சொட்டின் ஆறில் ஒரு பங்கை ஓர் உள்ளங்கைப் புண் முழுவதிலும் நாள் முழுவதும் பகிர்ந்து கொடுக்க விரலால் முடியாது.

நான் பி.ஃபார்ம். மூன்றாம் ஆண்டு மாணவி. இந்தப் படலங்களை எப்படித் தயாரிக்கிறார்கள்? ‘நானோ’ என்ற சொல் விளம்பரத்துக்காகச் சேர்க்கப்படுவதா, உண்மையிலேயே தேவையா?
– மாணவி, நாமக்கல்

உங்கள் வீட்டில் தரை துடைக்கப் பினாயிலைத் தண்ணீரில் ஊற்றும்போது நீர் பால்போல் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பால்மம்: ஒன்றோடொன்று கலக்காத எண்ணெயும் நீரும், நடுவில் நிற்கும் ஒரு பொருளின் தயவால் நுண்துளிகளாகச் சேர்ந்திருக்கும் நிலை. பினாயில் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை. துளியை 100 நானோமீட்டருக்கும் (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்) கீழே கொண்டுவந்துவிட்டால் கலவை ஏறக்குறையத் தெளிவாகி, இலேசான நீலம் படர்ந்து தெரியும். ஆய்வகத்தில் முதல் தடயம் அந்த நீலமே.

செய்முறை பெரும்பாலும் இப்படிப் போகும். நீரில் பாலிசார்பேட் 80 போன்ற, எண்ணெயையும் நீரையும் இணைக்கும் ஒரு சேர்ப்பானைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, மீயொலிக் கருவியால் அடித்தோ அதிக அழுத்தத்தில் நுண்துளை வழியாகத் தள்ளியோ நானோ பால்மத்தை உருவாக்குவார்கள். தனியே ஒரு கூழைக் கரைத்து வைத்திருப்பார்கள்; அது இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானாக இருக்கலாம், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட்டாகவும் இருக்கலாம். கைட்டோசானை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது சமையல் வினிகரைவிட நீர்த்த கரைசலில், கரைப்பார்கள். கூழையும் பால்மத்தையும் கலந்து, காய்ந்தபின் நொறுங்காமலிருக்கச் சிறிது கிளிசரின் சேர்த்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி மிதமான சூட்டில் உலர்த்தி உரித்தெடுப்பார்கள். கூழ் வடாம் ஊற்றிக் காயவைத்து உரித்த அனுபவமுள்ளவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றுக்குமிழி, ஓரம் சுருளுதல், நடுவில் தடிப்பு என்று அங்கே வரும் தொல்லைகள் எல்லாம் இங்கேயும் வரும். மற்றொரு வழி, கூழை ஊசி முனையிலிருந்து பல ஆயிரம் வோல்ட் மின்புலத்தில் இழுத்துத் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய இழைகளாக்கிப் பாயாகப் படியவைப்பது. அந்த நெசவு காற்றை விடுகிறது, நீர்க்கசிவை உறிஞ்சுகிறது, ஆனால் விலை அதிகம்.

இனி ‘நானோ’ தேவையா என்பது. துளியின் விட்டத்தை 10 மைக்ரோமீட்டரிலிருந்து 100 நானோமீட்டராகக் குறைத்தால், அதே அளவு எண்ணெயின் மேற்பரப்பு நூறு மடங்காகிறது. கிருமியைத் தொடும் பரப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது. தோல் புண்களில் மிகுதியாகக் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் குறுக்களவு சுமார் 1,000 நானோமீட்டர் என்பதை நினைத்தால், தன்னில் பத்தில் ஒரு பங்கே உள்ள துளிகள் அதைச் சூழ்ந்துகொள்ளும் காட்சி புரியும். இன்னொரு பயன், துளிகள் சிறியதாக இருந்தால் உலரும் படலத்தில் எண்ணெய் மேலே மிதந்து பிரியாமல் சீராகப் படியும். ஆகவே சொல் வெறும் அலங்காரம் அன்று.

ஆனால் பட்டப்படிப்புத் திட்டமாக இதை எடுக்க நினைத்தால், பலர் சறுக்கும் இரண்டு இடங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். நானோ பால்மத்தில் சிறு துளிகளிலிருந்து எண்ணெய் மெல்லக் கரைந்து பெரிய துளிகளில் போய்ச் சேரும். இன்று 80 நானோமீட்டர் என்று அளந்தது சில வாரங்களில் இரண்டு மூன்று மடங்காகியிருக்கும். நீரில் அறவே கரையாத சூரியகாந்தி எண்ணெய் போன்ற ஒன்றைச் சிறிது சேர்த்தால் இந்த ஓட்டம் மட்டுப்படும். மற்றது, உலர்த்தும்போது போகும் எண்ணெய். நீங்கள் ஊற்றிய எண்ணெய் 5 சதவீதம் என்பதால் காய்ந்த படலத்திலும் அதே விகிதம் இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். மீதமுள்ளது எவ்வளவு என்பதை ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அளக்கும் வளிம நிறப்பகுப்பியில் அளந்தபின்னரே எழுத வேண்டும். இந்த ஒரு அளவீடு இல்லாமல் வரும் கட்டுரைகளை நான் இரண்டாம் பக்கத்துக்குமேல் படிப்பதில்லை.

இந்த எண்ணெய்கள் உண்மையாகவே கிருமியைக் கொல்கின்றனவா? ஆன்டிபயாடிக்குகளுக்கு வந்ததைப் போன்ற எதிர்ப்பு இவற்றுக்கு வராது என்கிறார்களே, சரியா?
– ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், திருச்சி

கொல்கின்றன, ஐயா. எப்படி என்பதும் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், டீ ட்ரீ எண்ணெயிலுள்ள டெர்ப்பினென்-4-ஆல் ஆகியவை கொழுப்பை நாடும் சிறு மூலக்கூறுகள். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால், இவை அதற்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கின்றன. முதலில் பொட்டாசியம் கசிகிறது, பிறகு கிருமி தன் ஆற்றலை உருவாக்கப் பயன்படுத்தும் மின்வேறுபாடு சரிகிறது, முடிவில் உள்ளே இருப்பவை எல்லாம் வெளியேறுகின்றன. ஒரே ஒரு நொதியைக் குறிவைக்கும் ஆன்டிபயாடிக்கைப்போல் அல்லாமல் சவ்வு முழுவதையும் தாக்குவதால் எதிர்ப்பு உருவாவது கடினம் என்பது உண்மைதான். ‘வராது’ என்பது மட்டும் மிகை. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா இயற்கையிலேயே இவற்றை நன்றாகத் தாங்குகிறது. அதன் வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, உள்ளே நுழைந்ததை வெளியே இறைக்கும் புரதங்களும் இருக்கின்றன. தீப்புண்களிலும் ஆறாத கால் புண்களிலும் பச்சைநிறச் சீழோடு வந்து தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அதுவே என்பது நம் துரதிருஷ்டம்.

கண்ணாடித் தட்டில் கிடைக்கும் வெற்றியைப் புண்ணில் கிடைக்கும் வெற்றியாக எடுத்துக்கொள்வதே இத்துறையின் பெரிய பிழை என்பது என் கருத்து. பாக்டீரியா வளர்த்த தட்டில் எண்ணெய் தோய்த்த வட்டத்தாளை வைத்து, சுற்றிலும் தெளிவான வளையம் எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்று அளக்கும் சோதனை, நீரில் கரைந்து பரவும் ஆன்டிபயாடிக்குகளுக்காக உருவானது. நீரில் கரையாமல், மூடியிட்ட தட்டுக்குள் ஆவியாகவும் பரவும் எண்ணெய்க்கு அந்த வளையத்தின் அளவு சரியான சான்றாகாது. போதாக்குறைக்கு, உண்மையான புண்ணில் சீழும் இரத்தப் புரதங்களும் எண்ணெயை இழுத்துத் தங்களோடு ஒட்டவைத்துக்கொள்கின்றன. கிருமிகளோ தங்களைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. தட்டில் ஒரு துளி செய்ததை அங்கே செய்யப் பல மடங்கு எண்ணெய் தேவைப்படலாம், அந்த அளவைத் தோல் தாங்குமா என்ற கேள்வி அப்போது எழும்.

எட்டு மாதமாக இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டால் மூன்றே நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்புகிறது. இணையத்தில் ‘டீ ட்ரீ நானோ பேட்ச்’ என்று ஒன்றைப் பார்த்தேன். வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

வாங்க வேண்டாம். முதலில் அந்த க்ரீமின் குழாயில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர் ஒன்று அதில் இருக்கும் என்று உங்கள் வருணனையை வைத்தே ஊகிக்கிறேன். அவை ஸ்டீராய்டுகள். அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைத் தொடாது, அதனை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்து அடக்கும். மூன்று நாள் நிம்மதிக்கும் பிறகு வரும் பெருக்கத்துக்கும் அதுவே காரணம். இத்தகைய பூச்சுகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

உங்களைப் போன்றவர்கள் இன்று தோல் மருத்துவமனைகளில் வரிசையாக நிற்கிறார்கள். இந்தியாவில் பரவி வரும் இந்தப் பூஞ்சைக்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்ற தனிப் பெயரே 2020இல் இடப்பட்டது. ஜப்பானில் சிகிச்சை பெற்ற இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து அதைப் பிரித்தெடுத்து இனம் கண்டார்கள். வழக்கமாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபைன் மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு அடங்குவதில்லை. பூஞ்சை தன் சவ்வுக் கொழுப்பைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் ஏற்பட்ட சிறு மாற்றம், மருந்து அங்கே பிடிக்காதபடி செய்துவிடுகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஒரு பரிசோதனை, பிறகு வாரக் கணக்கில் உட்கொள்ளும் சரியான மாத்திரை, வீட்டில் அரிப்புள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை, துண்டும் உள்ளாடையும் தனித்தனியாக வெயிலில் உலர்த்துதல்.

டீ ட்ரீ எண்ணெய்க்குப் பூஞ்சையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு ஆஸ்திரேலியாவில் 158 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், 50 சதவீதக் கரைசலை நான்கு வாரம் தடவியவர்களில் 64 சதவீதத்தினரிடம் பூஞ்சை மறைந்தது. வெறும் கரைசலைத் தடவியவர்களில் அது 31 சதவீதம். நல்ல விளைவுதான். அதே ஆய்வில் எண்ணெய் தடவிய சிலருக்குத் தோல் அழற்சி வந்து நிறுத்த வேண்டியிருந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது விரலிடுக்கு, உங்களுடையது ஸ்டீராய்டால் ஏற்கெனவே மெலிந்துபோன இடுப்புத் தோல். நாள் முழுதும் வியர்வை பூக்கும் அந்த இடத்தில் ஒட்டும் எதுவும் பூஞ்சைக்கு ஈரம் சேர்த்துக் கொடுக்கும் மூடியாகவே முடியும்.

ஆறு வயது மகனுக்கு மூக்கைச் சுற்றிச் சிரங்கு, தேன் நிறத்தில் பொருக்கு கட்டுகிறது. ஓமத் தைலம் தடவலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். முகத்தில், அதுவும் மூக்கருகில், குழந்தைக்கு நறுமண எண்ணெய் எதையும் தடவாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வருவது. வெதுவெதுப்பான நீரில் பொருக்கை ஊறவைத்து எடுத்து, மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவினால் சில நாட்களில் ஆறிவிடும். பின்வரும் வாரங்களில் முகம் வீங்கினாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், ஏனென்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிரங்குக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. கற்பூரமும் நீலகிரித் தைலமும் வாய்வழி உள்ளே போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். புட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கறுவா (இலவங்கப்பட்டை) எண்ணெய் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று படித்தேன். எங்கள் நாட்டுப் பொருளாயிற்றே, அதில் இப்படிப்பட்ட படலம் செய்ய முடியாதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

செய்திருக்கிறார்கள், உணவைப் பொதிவதற்கான படலங்களில் கறுவா எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது. தோலுக்கு வரும்போதுதான் சிக்கல். கறுவாவில் இரண்டு எண்ணெய்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பட்டையில் வடிப்பது சின்னமால்டிஹைடு மிகுந்தது, இலையில் வடிப்பது கிராம்பைப்போல் யூஜினால் மிகுந்தது. ஒரே மரம், ஆனால் வேதியியல்படி இரு வேறு மருந்துகள். பட்டை எண்ணெயின் சின்னமால்டிஹைடு கிருமியின் புரதங்களோடு வினைபுரிவதால் கொல்கிறது. நம் தோலின் புரதங்களோடும் அதேபோல் வினைபுரிவதால் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. தோல் மருத்துவர்கள் நறுமண ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டிப் பார்க்கும் கலவையில் சின்னமால்டிஹைடும் யூஜினாலும் நெடுங்காலமாக இடம் பெற்றிருக்கின்றன. நானோ துளிகளாக்கி இன்னும் ஆழமாக ஊடுருவச் செய்தால் ஒவ்வாமையும் கூடவே ஊடுருவும். கிருமியைக் கொல்வதில் முதலிடம் பெறும் எண்ணெயைவிட, தோலோடு ஒத்துப்போகும் இரண்டாமிடத்து எண்ணெய்க்கே என் வாக்கு.

எனக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதத்தில் புண் ஆறவில்லை. மருத்துவமனையில் இத்தகைய படலத்தைக் கேட்டு வாங்கலாமா?
– வாசகர், சேலம்

நறுமண எண்ணெய் சேர்த்த நானோ படலம், பாதப் புண்ணுக்கான வழக்கமான சிகிச்சையாக எந்த மருத்துவமனையின் அலமாரியிலும் இல்லை. அவை பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிலும் முடிந்துவிட்ட முயற்சிகளாகவே இன்னும் இருக்கின்றன. ஆனால் எண்ணெயை நீக்கிவிட்டுப் பார்த்தால், படலம் ஏற்கெனவே உங்கள் மருத்துவரிடம் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் கட்டு, மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கப்படும் சர்காசம் போன்ற பாசிகளின் உறவுக்காரப் பொருள்தான். கசிவு அதிகமுள்ள புண்ணில் வைத்தால் அது கூழாகி ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளி சேர்த்த கட்டுகளும் உண்டு.

புண்ணைக் காயவிட வேண்டும் என்ற நம் நம்பிக்கையை உடைத்தது 1962இல் ஜார்ஜ் விண்டர் வெளியிட்ட ஆய்வு. பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைச் சாதாரணப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. மருந்தே இல்லாத வெறும் பாலித்தீன் அது! அதனால்தான் எண்ணெய்ப் படலத்தைப் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, எண்ணெய் சேர்க்காத அதே படலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்பதையே. திறந்த புண்ணோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு, ‘எங்கள் கிராம்பு எண்ணெய் புண்ணை ஆற்றியது’ என்று சொன்னால், ஆற்றியது கிராம்பா, படலமா, தானே கிருமியை எதிர்க்கும் தன்மையுள்ள கைட்டோசானா என்பதை யாரும் பிரித்தறிய முடியாது.

மனிதரிடம் நடந்த ஒரு நேர்மையான ஒப்பீட்டையும் சொல்கிறேன். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை உடலில் சுமந்துகொண்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இங்கிலாந்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், டீ ட்ரீ க்ரீமும் குளியல் திரவமும் பயன்படுத்தியவர்களில் 41 சதவீதத்தினரிடமும், வழக்கமான மருந்துகளைப் பயன்படுத்தியவர்களில் 49 சதவீதத்தினரிடமும் கிருமி நீங்கியது. வேறுபாடு பெரிதன்று. ஆனால் மூக்குக்குள் இருந்த கிருமியை நீக்குவதில் வழக்கமான மருந்தான மியூப்பிரோசின் களிம்பு 78 சதவீதமும், டீ ட்ரீ 47 சதவீதமும் வென்றன. இடத்துக்கு இடம் இந்த எண்ணெயின் மதிப்பு எப்படி மாறுகிறது பாருங்கள்.

உங்கள் புண்ணுக்கு இப்போது வேண்டியவை: பாதத்தின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தல், இறந்த சதையை அகற்றுதல், அந்த இடத்தில் உடல் எடை படாதபடி செருப்பை மாற்றுதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல். இவை நடக்காமல் எந்தப் படலமும் உதவாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் எரியும் எண்ணெய் எதையும் நீங்களாகத் தடவாதீர்கள், எரிவது உங்களுக்குத் தெரியாது.

ஓமம், கிராம்பு, கற்பூரம் எல்லாம் நம் மருத்துவத்தில் உள்ளவைதாமே. பழைய சரக்கைப் புதிய புட்டியில் விற்பதாகாதா?
– சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

சரக்கு பழையதுதான், புட்டி வேறு வேலை செய்கிறது. நம் தைலங்களில் மூலிகையை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சுகிறோம். காய்ச்சும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் முழுவதும் தைலத்தை விட்டு ஓடிப்போன ஆவியாகும் எண்ணெய். எஞ்சுவது வேறு வகைப் பொருள்களின் சாரம். அதற்கும் பயன் உண்டு, ஆனால் இங்கே பேசுவது அதுவன்று.

ஆயினும் நீங்கள் பெருமைப்பட ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஓமத்திலுள்ள தைமாலை ஐரோப்பியர் 1870களிலேயே அறுவைக் கட்டுத் துணிகளில் தோய்த்துப் பார்த்தார்கள்; கார்பாலிக் அமிலம் மருத்துவர்களின் கைகளையே அரித்ததால் மாற்றுத் தேடினார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டது. நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று தருவார்களே, அந்தப் படிகமும் தைமால்தான். அதையும் மெந்தால் எனப்படும் புதினா உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒரு புட்டியில் போட்டு மூடிவைத்தால், மூன்று திடப்பொருள்களும் தாமே உருகி நீராகிவிடும் வித்தையைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் படிகக் கட்டுமானத்தை மற்றொன்று குலைப்பதால் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்குவதே அதன் காரணம். தைமாலும் மெந்தாலும் சேர்ந்து உருகிய இதே கலவையை, மருந்தைக் கரைக்கும் ஊடகமாக இன்று ஆய்வகங்கள் புதிதாகக் கையாள்கின்றன. உங்கள் கல்லூரியிலிருந்தே யாராவது அதை ஒரு படலத்தில் ஏற்றிப் பார்க்கலாம். எண்ணெய் சேர்க்காத படலத்தையும் ஒப்பீட்டுக்கு வைக்க மறவாதீர்கள்.

எப்போது சந்தைக்கு வரும்?
– வாசகர், செங்கல்பட்டு

ஆண்டு சொல்ல மாட்டேன், தடைகளைச் சொல்கிறேன். மழை, மண், அறுவடை மாதம் ஆகியவற்றைப் பொறுத்து எண்ணெயின் கூறுகள் மாறுகின்றன. டீ ட்ரீ எண்ணெய்க்கு டெர்ப்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தர அளவு உண்டு. நம் ஊர்த் துளசிக்கோ கற்பூரவள்ளிக்கோ மருந்து செய்யும் அளவுக்கு அப்படியொரு கட்டுப்பாடு நடைமுறையில் இல்லை. அடுத்தது கிருமி நீக்கம்: புண்ணில் வைப்பது முற்றிலும் கிருமியற்றதாக இருக்க வேண்டும், ஆனால் சூடேற்றினால் எண்ணெய் ஆவியாகும், காமாக் கதிர் செலுத்தினால் எண்ணெயும் கூழும் சிதையலாம். எண்ணெய் சேர்க்கும் முன்பே எல்லாவற்றையும் தனித்தனியே தூய்மைப்படுத்தி, கிருமியற்ற அறையில் படலம் வார்க்க வேண்டும். செலவு அங்கே ஏறுகிறது. நானோ மருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. துளியின் அளவு, நிலைப்பு, நச்சுத்தன்மை என்று அது கேட்கும் ஒவ்வொன்றுக்கும் விடை தந்தபின்னரே மனிதரிடம் சோதனை தொடங்கலாம்.

ஆசையில் வாங்கிய டீ ட்ரீ எண்ணெய் பாதிப் புட்டி இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது. பருவுக்குத் தடவலாமா?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

வேண்டாம். திறந்த புட்டியில் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான எண்ணெயில் பெராக்சைடுகள் உருவாகியிருக்கும். டீ ட்ரீ எண்ணெயால் வரும் ஒவ்வாமையில் பெரும்பங்கு புது எண்ணெயால் வருவதன்று, இப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயால் வருவது. இனி வாங்கினால் பழுப்புக் கண்ணாடியில் சிறிய புட்டியாக வாங்கி, திறந்த தேதியை மேலே எழுதி, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். பருவுக்கு ஆய்வு செய்யப்பட்ட அளவு 5 சதவீதம் எண்ணெயுள்ள ஜெல், புட்டியிலிருந்து நேரே வரும் முழு எண்ணெய் அன்று. பழைய எண்ணெயைத் தரை துடைக்கும் நீரில் கலந்துவிடலாம் என்று எண்ணினால், வீட்டில் பூனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூனைகளுக்கு அது நஞ்சு.